ஸ்வெட்டரில் ஏறிய அகில்

அந்தக் குப்பி என் சுண்டுவிரல் உயரம்கூட வராது. உள்ளே கித்துள் பனைப்பாகின் கருஞ்சிவப்பு நிறத்தில், அதைவிடக் கெட்டியாக ஓர் எண்ணெய். வாரக்கணக்கில் அதை உடம்பில் பூசிக்கொண்டு திரிந்தேன். அதன் மணம் எப்படிப்பட்டது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியாது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், முதல் பாதியை நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

நான் இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். மலையில் பறிக்கிற கொழுந்து தொழிற்சாலைக்குள் வந்து தூளாக வெளியே போகும்வரை என் பொறுப்பு. கொழுந்தை வாடவைத்து, உருட்டி, நொறுங்கிய ஈர இலையை நீள மேசைகளில் பரப்பிப் புளிக்க விடுவோம். எந்த நிமிடத்தில் அதை அள்ளி அடுப்பில் போடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முந்தினால் பச்சை நாற்றம், பிந்தினால் உயிரில்லாத தண்ணீர். இலைக்குள் வெப்பமானி குத்தி வைத்திருக்கிறோம், சுவரில் கடிகாரம் தொங்குகிறது. அவை பாவம், தெரிந்த மட்டும் சொல்லும். கடைசி வார்த்தை மூக்குக்குத்தான். ஒரு பிடி அள்ளி, கையை மூடி, உள்ளே மூச்சு விட்டுச் சூடாக்கி, திறந்து முகர வேண்டும். பச்சை வாசம் போய்ப் பழுத்த பழம் மாதிரி ஒன்று எழும்பி, இனி இறங்கப் போகிறது என்று தோன்றுகிற ஒரு நேரம் வரும். அப்போது 'போடு' என்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக நான் சம்பளம் வாங்குவது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

அதிலும் எங்கள் ஊவா மாகாணத்தில் கச்சான் காற்று அடிக்கிற ஆறேழு வாரம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு வருடம். காய்ந்த காற்றில் கொழுந்து சுருங்கி, தூளில் மூக்கைக் குளிரவைக்கிற ஒரு மணம் ஏறும். மற்ற மாதங்களில் தப்பு செய்தால் மன்னிப்பு உண்டு. கச்சானில் கிடையாது.

தூளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் எது மணந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தொழிற்சாலைக்குள் பூ வைக்கக் கூடாது, செண்டு பூசக் கூடாது, மணமான தலையெண்ணெய் கூடாது, சாப்பாட்டில் கருவாடு கூடாது. வாசலில் தொங்குகிற அந்தப் பலகையை எழுதியதே நான்தான். ஒரு முறை, தங்கச்சி கல்யாணத்துக்கு நேரே இங்கிருந்து போக வேண்டும் என்று ஒரு பிள்ளை மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏம்மா, இது ஃபெக்டரியா கோயிலா?" என்று கத்தி, பூவைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டவைத்தேன். மாலை அவள் எடுக்கப் போனபோது அது வாடித் தொங்கியது. அதையே வைத்துக்கொண்டு போனாள். அப்படிப்பட்ட ஆள் நான்.

புளிக்கிற மேசைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. என்னைவிட வயதில் குறைந்தவர்தான், ஆனால் தொழிற்சாலை முழுவதும் 'மேசை அக்கா' என்று அழைத்துப் பழகியதால் எனக்கும் மனதுக்குள் அப்படித்தான். நேரில் 'ம்மா' என்பேன். இருபது வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். ஒரு மழையில் வடிகானுக்குள் சறுக்கி விழுந்து முழங்கால் விட்டுப்போனது. பிறகு சரிவில் ஏற முடியாமல், கெஞ்சிக் கூத்தாடித் தொழிற்சாலைக்குள் வந்தவர். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அக்கா அதிகம் பேச மாட்டார். மேசையருகே நின்று இலையைப் புரட்டுவார், என்னைப் பார்ப்பார், "போடலாங்களா ஐயா?" என்பார். நான் முகர்ந்துவிட்டுச் சொல்வேன்.

அந்த வருடம் கச்சான் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் உடம்பு வலி, இருமல், பிறகு சரியாகிவிட்டது. ஐந்தாம் நாள் விடியற்காலை வேலைக்குப் போய் ஒரு பிடி இலையை அள்ளி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. கையை மாற்றினேன். மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்ப முகர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோறு வைத்திருக்கிற மாதிரி, இலை தெரிகிறது, ஈரம் தெரிகிறது, மணம் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை. அப்போது மேசை அக்கா, "போடலாங்களா ஐயா?" என்று கேட்டார். இலையின் நிறத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், "போடு" என்றேன். அன்றைய தூள் நன்றாகவே வந்தது.

அப்பாடா என்று இருந்தது. இருபத்தாறு வருட அனுபவம், நிறத்தை வைத்தே பிடித்துவிட்டேனே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கண் போன டிரைவர் முதலாளியிடம் போய்ச் சொல்வானா? என் மகள் கீழே பதுளை டவுனில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் அம்மாவும் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் தோட்டத்துக் குவாட்டர்ஸில் தனியாக இருந்து சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்வருவேன். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும், படிப்பும் நிற்கும். என் மனைவிக்கு மட்டும் சொன்னேன்.

பதுளையில் அவள் என்னை ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் சின்ன விளக்கை மூக்குக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "வரும். சில பேருக்கு வராமலும் போகும். வாசம் பலமா உள்ள சாமான காலையிலயும் மாலையிலயும் மோந்து பழகுங்க" என்றார். இவ்வளவுதான். மருந்துகூட எழுதவில்லை, பாவி மனுஷன். அன்றிலிருந்து கராம்பு முகர்ந்தேன், பெருங்காயம் முகர்ந்தேன், மண்ணெண்ணெய் போத்தலைத் திறந்து முகர்ந்து இருமினேன். என் மகள் என்னைப் பார்த்துவிட்டு, "அப்பா, பக்கத்து வீட்டு ஆளுங்க பார்த்தா பயந்துருவாங்க" என்றாள். மூக்கு அசையவில்லை.

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு முஸ்லிம் வியாபாரி அத்தர் கடை வைத்திருக்கிறார், அண்ணன் என்கிற மாதிரி 'நானா' என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். கடை என்றால் ஒரு ஆள் நிற்கிற அகலம். ஒரு சனிக்கிழமை அவரிடம் போய் நின்றேன்.

"நானா, உங்ககிட்ட இருக்கிறதுலயே பலமானது எது?"

"எதுக்குங்க? கல்யாணத்துக்கா, பள்ளிவாசலுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் பின்னால் இருந்து அந்தக் குப்பியை எடுத்தார்.

"இது ஊத். அகில் மரம் இருக்கே, அந்தக் கட்டையிலருந்து எடுக்கிறது. குப்பியில மோந்து பார்த்தா வேல இல்ல, உடம்பு சூட்டுலதான் இது பேசும். மொதல்ல மாட்டுப்பட்டி மாதிரி அடிக்கும், பயந்துராதீங்க. கொஞ்சம் போக புகை வரும். ஒரு மணித்தியாலம் போனா மரம் வரும். அதுக்குப் பொறகு அந்த மரம் இனிக்கும். ரெண்டு மூனு நாளைக்கு எறங்காது."

சொல்லிக்கொண்டே கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் தொட்டு வைத்தார். குளிர்ந்தது. நான் மூக்கருகே கொண்டுபோய் இழுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் பார்க்க விரும்பிய முகம் என்னிடம் இல்லை. "ஆ, நல்லா இருக்கு" என்றேன். இன்று யோசித்தால், என் தொழிலில் நான் பிறகு சொன்ன பொய்களை எல்லாம் அந்தக் கடை வாசலில்தான் ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்த எண்ணெய் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அது நேரம் வைத்து மாறும் என்று நானா சொன்னதுதான். மேசையில் இலை செய்கிற வேலையும் அதுதானே? பச்சை, பழம், பிறகு இறக்கம். மாட்டுப்பட்டி, புகை, மரம், இனிப்பு. எனக்குத் தெரிந்த கணக்கு இது. இந்த நாலில் ஒன்றையாவது ஏதாவது ஒரு நாள் பிடித்துவிட்டால் மூக்கு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அன்று மாலை வீட்டில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையை நீட்டினேன்.

"சொல்லு."

"சீ, என்னங்க இது, மாட்டு மூத்திரம் மாதிரி!"

"சரி, அது சரிதான். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாரு."

அவள் சமையலுக்கு இடையில் வந்து வந்து முகர்ந்துவிட்டுப் போனாள். ஒரு தரம், "இப்ப அடுப்புல ஈர வெறகு வச்ச மாதிரி" என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு வந்து கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அதிக நேரமே முகர்ந்தாள். "பழைய மரப்பெட்டிய தொறந்த மாதிரி. அம்மா பொடவ வைக்கிற பெட்டி. இது நல்லாருக்கு" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, "வேற யாரோ ஆம்பள வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் என் கையை அப்படிப் பிடித்து எத்தனை நாள் ஆகியிருக்கும்! அந்தக் கையின் மணம் எனக்குத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு மாலை நான் கிளம்பும்போது அவள், "நாளைக்கு இதோட ஃபெக்டரிக்குள்ள போயிறாதீங்க" என்றாள்.

"எனக்குச் சொல்லித் தர்றியா? பலகை எழுதினவனே நான்" என்று சீறிவிட்டு பஸ் ஏறினேன்.

அவளிடம் சொல்லாததைச் சொல்கிறேன். குப்பியைச் சட்டைப் பையில் போட்டு வந்தேன். குவாட்டர்ஸில் தினமும் மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு தொட்டுப் பூசுவேன். முதலில் குளிர்ச்சி. பிறகு அந்த இடம் மட்டும் கொஞ்சம் சூடாகிற மாதிரி. கை மயிர் படிந்து மினுங்கும். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. மணமில்லாத ஒரு வாசனை எண்ணெய் எப்படி இருக்கும் என்று உலகத்தில் எழுதத் தகுதியுள்ள ஆள் நான்தான், அது வெறும் பிசுக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிடம், இப்போது மாட்டுப்பட்டி. முகர்வேன். அரை மணி, இப்போது புகை. முகர்வேன். ஒரு மணி, மரம். மூச்சு மட்டும்தான் போய் வரும். சில நாள் கோபம் வந்து கழுத்திலும் நெஞ்சிலும் பூசிக்கொள்வேன். சனியனே, இப்போதாவது வா என்று.

காலையில் சவர்க்காரம் போட்டு, தேசிக்காய்ச் சாறு தேய்த்து, தேங்காய்த் தும்பால் உரசிக் கழுவிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். சுத்தமாகப் போய்விட்டது என்றே நம்பினேன். போகவில்லை என்று சொல்ல என் மூக்கு என்னிடம் இல்லை. இதில் நான் யோசிக்காத சாமான் ஒன்று இருந்தது. எங்கள் மலைக்குளிருக்கு மாலையும் காலையும் ஒரே கம்பளி ஸ்வெட்டரைத்தான் போடுவேன். பதுளையில் சூடு, அதனால் அது குவாட்டர்ஸ் கதவுக்குப் பின்னாலேயே தொங்கும், மனைவியின் மூக்குக்கு எட்டாது. தினமும் எண்ணெய்க் கையை அந்த ஸ்வெட்டர் கைக்குள்தான் விட்டேன். தினமும் காலை அதே ஸ்வெட்டரோடு இலை மேசைகள் மேல் குனிந்தேன்.

அந்த நாட்களில் நான் உள்ளே நுழையும்போது தூள் சலிக்கிற பக்கம் நிற்கும் பெண்கள் குசுகுசுப்பார்கள். "மாப்ள வர்றாருடி" என்று ஒருத்தி சொல்வதும் மற்றவள் வாயைப் பொத்துவதும் இரண்டு மூன்று தடவை காதில் விழுந்தது. யாரோ ஒருத்திக்கு வரன் பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மூக்கோடு புத்தியும் போய்விட்டதோ என்னவோ!

கச்சான் ஜோராக அடித்தது. மேசை அக்கா கேட்டார், நான் போடு என்றேன், தூள் நன்றாக வந்தது. ஒவ்வொரு பொதியிலிருந்தும் மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. வேறு யார் கையையும் அதில் பட விடமாட்டேன். தூளை வெள்ளைத் தாளில் கொட்டி, விரலால் பரப்பிப் பார்த்து, நானே பொட்டலம் கட்டி ஒட்டுவேன். ஸ்வெட்டரின் கை நுனி தூளில் புரளும். மூன்றாம் வாரம் கொழும்பிலிருந்து, தேயிலையைச் சுவைத்துப் பார்க்கிறவர்களிடமிருந்து பதில் வந்தது. தூளில் வெளிவாசம் இருக்கிறதாம். மரவாசம், செண்டு கலந்த மாதிரியாம். நாலு பொதியை ஒதுக்கிவிட்டார்கள். கச்சான் தூளை!

படித்ததும் என் முதல் நினைப்பு குப்பியிடம்தான் போனது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே எனக்குள் ஒரு வக்கீல் எழும்பி வாதாடினான். தினமும் தோல் உரியத் தேய்த்துத்தானே போகிறாய், பலகை எழுதியவன் நீ, உன்னால் அப்படி நடக்குமா? நாற்பது பேர் வேலை செய்கிற இடம், எவளாவது செண்டு பூசிக்கொண்டு வந்திருப்பாள். அந்த வக்கீலை நான் நம்பினேன்.

மறுநாள் காலை தோட்டத்து மேனேஜர், எங்கள் வாயில் துரை, வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கெட்டவர் இல்லை. உள்ளே வந்ததும் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"டீமேக்கர், வாசம் இந்த ரூம்லயே இருக்கு. எனக்கே தெரியுது. யார்கிட்டன்னுதான் தெரியல. எல்லாரையும் நிக்க வைங்க. நீங்க ஒவ்வொரு கையா மோந்து பாருங்க."

"நானா?"

"வேற யாரு? இங்க மூக்கு உங்களோடதுதானே?"

பெண்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள், காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் பெயர் கொடுக்க நிற்கிற மாதிரி. இரண்டு கையையும் நீட்டினார்கள். நான் அந்த ஸ்வெட்டரோடு முதல் கையில் குனிந்தேன்.

அந்த வரிசையை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. வெடித்த விரல்கள், சாயம் ஏறிய நகங்கள், ஒருத்தி கையில் சூட்டுக் காயம். ஒவ்வொரு கையிலும் குனிந்து, மூச்சை இழுத்து, யோசிக்கிற மாதிரி நின்று, தலையை ஆட்டி அடுத்த கைக்குப் போனேன். இதற்கு நான் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். ஒவ்வொருத்தியும் என் முகத்தைப் பார்த்த பார்வை விசித்திரமாக இருந்தது. பயந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் இரண்டு பேர் மிச்சம். மேசை அக்கா, அவருக்கு அடுத்து அந்த மல்லிகைப்பூப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் உதடு துடித்தது, சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

நான் மேசை அக்காவின் கையில் குனிந்தேன். யாரையும் காட்டாமல் வரிசை முடியப் போகிறது, துரைக்கு என்ன பதில் சொல்வது என்ற கிலியில் அந்தக் கையிலேயே நின்றுவிட்டேன். ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல.

"நான்தாங்க தொரை" என்றார் மேசை அக்கா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "மக குவைத்துலருந்து அனுப்பின செண்டு. புத்தியில்லாம பூசிட்டு வந்துட்டேன்."

துரை என்னைப் பார்த்தார். "சரிதானா?"

நான் நிமிர்ந்தேன். "ஆமாங்க" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து மேசை அக்கா மலைக்கு. நாலு பொதி கச்சான் தூளுக்கு அது சின்னத் தண்டனை என்று துரை சொன்னார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எப்படிச் சரிவில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அவரே ஒத்துக்கொண்ட பிறகு நான் என்ன செய்ய முடியும் என்று அந்த வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையில் எனக்கு வந்தது நிம்மதிதான். குப்பி தப்பித்தது, நான் தப்பித்தேன். பயத்தில் பூசுவதை அன்றோடு நிறுத்தினேன்.

நிம்மதி ஒரு நாள்கூடத் தங்கவில்லை. மறுநாள் மேசையருகே வேறொருத்தி நின்றாள். இலையைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். நிறத்தைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், திரும்ப நிறத்தைப் பார்த்தேன். எந்த நிமிடத்தில் என்று புரியவில்லை. "என்னம்மா, கேக்க மாட்டியா?" என்று கத்தினேன். அவள் திகைத்து, "என்னங்கய்யா கேக்கணும்?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் மேசை அக்கா கேட்ட நிமிடம்தான் சரியான நிமிடம். நான் நிறத்தைப் பிடித்தேனாம், அனுபவமாம்! அந்த வருடக் கச்சான் மிச்சம் முழுவதும் செத்த தண்ணீராகப் போனது. அதற்கும் காற்றின் மேல் பழி போட்டேன்.

மழை தொடங்கியது. அந்த வரிசை நடந்த வாரமே மனைவி புது ஸ்வெட்டர் ஒன்று வாங்கித் தந்திருந்தாள், பழையது கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த வாரம் பதுளைக்குப் போகாமல் குவாட்டர்ஸில் இருந்தேன், மழைச்சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்தினேன். என்னவோ இருந்தது.

நின்றேன். திரும்ப மூச்சை இழுத்தேன். புகை. ஈர விறகுப் புகை. அடுப்பைப் பார்த்தேன், அணைந்து கிடந்தது. நாய் மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு அறையைச் சுற்றிவந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் அமுக்கினேன். அம்மாடி! புகைக்குக் கீழே மரம். மரத்துக்கு அடியில் கசப்பு, அதற்கும் அடியில் ஒரு மாட்டுப்பட்டிச் சூடு, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கருத்த ஒரு இனிப்பு. மனைவி சொன்ன மரப்பெட்டி. கடை நானா சொன்னது எல்லாமே உண்மை. நான் அந்தக் கம்பளிக்குள் முகத்தை வைத்து விம்மி அழுதேன். மூக்கு வந்துவிட்டது, என் பிழைப்பு வந்துவிட்டது என்று சந்தோஷத்தில் அழுதேன்.

அப்புறம்தான் விளங்கியது. வாரக்கணக்கில் தொங்கிய துணி இப்படி மணக்கிறது. அன்று அந்த வரிசையில் இதைப் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொருத்தியின் கையிலும் குனிந்தேன். ஒளிந்துகொள்கிற மணமா இது? நாற்பது பேருக்கும் தெரியும். கையை நீட்டிக்கொண்டு, அந்த மணம் முகத்தில் அடிக்க, நான் முகர்ந்து பார்க்கிற நாடகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மாப்ள வர்றாருடி!

மறுநாள் நேரே துரையின் அலுவலகத்துக்குப் போனேன்.

"தொரை, அந்த மேசை அம்மா மேல தப்பில்லைங்க. அந்த வாசம் என் ஸ்வெட்டர்லருந்து வந்திருக்கும்."

அவர் சிரித்தார். "நீங்க எரக்கப்படுறீங்கன்னு தெரியுது. உங்க ஸ்வெட்டர்ல இருந்தா உங்களுக்குத் தெரியாம இருக்குமா? நீங்கதானே மோந்து பார்த்துச் சரின்னீங்க?"

அடுத்து நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அப்போது எனக்கு மூக்கு இல்லை. அது நாக்கு நுனிவரை வந்தது. மகளுக்குப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தூ, என்ன பிறவி!

கால் தொழிற்சாலைக்குப் போகவில்லை, மலைக்கு ஏறியது. மேசை அக்கா மேல் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் மழைக்குச் சுற்றிய பிளாஸ்டிக் படங்கு, தலையில் ஈரச் சாக்கு, கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம். கெட்ட காலை மேல்பக்கம் ஊன்றி, நல்ல காலில் பாரம் போட்டு நின்றார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"மூக்கு வந்துருச்சும்மா" என்றேன்.

"நல்லதுங்க ஐயா. மூக்கு போனது எனக்கு அப்பவே தெரியுமே. பலகைய எழுதின மனுஷன் வாசம் தெரிஞ்சா அந்தச் சட்டையோட உள்ள வருவாரா?"

"பிறகு ஏம்மா நீ உன் மேல போட்டுக்கிட்ட?"

"பக்கத்துல நின்ன புள்ள சிரிச்சிருவாளோன்னு பயமா போச்சுங்க. சிரிச்சா உங்க மானம் போயிரும். சட்டுனு வாயில வந்துருச்சு." அவர் இரண்டு கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டார். "நான் அப்படிச் சொன்னதும் நீங்க இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பார்த்தேன். உங்க மொகத்தத்தாங்க பார்த்துக்கிட்டிருந்தேன்."

மழை கொஞ்சம் வலுத்தது. அவர் ஒரு கையை என்னிடம் நீட்டினார், அன்று நீட்டின மாதிரியே.

"இப்ப மோந்து பாருங்க."

குனிந்தேன். பச்சைக் கொழுந்து, ஈரச் சாக்கு, வெற்றிலை, கொஞ்சம் உப்பு. எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது.

"கொழுந்து வாசம்" என்றேன்.

"அன்னிக்கு என்ன வாசம் இருந்துச்சு?"

"தெரியலம்மா" என்றேன். "அன்னிக்கு எனக்கு ஒன்னுமே தெரியல. மூக்கே இல்ல."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "இத மலையில நின்னு என்கிட்ட சொன்னா யாருக்குங்க கேக்கும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மேலேயிருந்து கங்காணி குரல் கொடுத்தார். அக்கா செடியைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து வைத்து அடுத்த வரிசைக்குப் போனார்.

நான் இறங்கினேன். கீழே ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும், வலது கை துரையின் அலுவலகத்துக்கு, இடது கை தொழிற்சாலைக்கு. இலை மேசைக்கு வந்திருக்கிற நேரம். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் மழையில் நின்றேன். பிறகு அன்றைக்கும் நான் இடது கைப் பக்கம்தான் திரும்பினேன்.